பெயரில்லாத பாட்டு யாருக்கு வசதி?

நினைவுச் சொற்பொழிவு – உரை வடிவம்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் பிறகு நம் விஷயத்துக்கு வருவது வழக்கம். வாத்தியாரைப் பற்றிச் சொல்ல நாலு வார்த்தை போதாது. ஆனால் இன்றைக்கு நாங்கள் வந்திருப்பது அவரோடு விட்டுப்போன ஒரு வாக்குவாதத்தைத் தொடர்வதற்கு. அவர் உயிரோடு இருந்தவரைக்கும் அதில் ஒவ்வொரு முறையும் அவரே ஜெயித்தார். பறையைத் தீயில் காய்ச்சிக்கொண்டே பேசுவார். நாம் பதில் யோசிப்பதற்குள் அடிக்கத் தொடங்கிவிடுவார். அதற்கு மேல் யார் பேசுவது?

வாக்குவாதம் இதுதான்: பாட்டுக்குக் கீழே அதைக் கட்டியவர் பெயரைப் போடலாமா, கூடாதா? "பாட்டு ஊரோடது. நடுவுல நீ யாரு, நான் யாரு?" என்பார் வாத்தியார். அவர் கட்டிய பாட்டுகள் நூற்றுக்கு மேல் இருக்கும். ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. கூலிப் போராட்டம் நடந்த காலத்தில், எந்தப் பாட்டை யார் கட்டியது என்று கேட்டுத்தான் ஆளைக் கூட்டிப்போய்க் காவல் நிலையத்தில் உட்கார வைத்தார்கள். பெயர் இல்லாத பாட்டுக்கு வழக்குப் போட முடியாது. பாட்டு தப்பித்தது, பாடியவர்களும் தப்பித்தார்கள்.

நாங்கள் சமூகவியல் முதுகலை படித்தபோது, நாட்டார் பாடல் என்றால் ஆசிரியர் அறியப்படாதது என்றுதான் இலக்கணம் சொல்லித் தந்தார்கள். யாரால் அறியப்படாதது என்று நாங்கள் அப்போது கேட்கவில்லை. வயலில் பக்கத்தில் நின்று நட்டவளுக்குத் தெரிந்திருக்கும். குறிப்பேட்டோடு வரப்பில் நின்றவர் கேட்டிருக்க மாட்டார். தேர்வில் இலக்கணத்தை எழுதினோம், மதிப்பெண் வாங்கினோம், அதை அப்படியே இயக்கத்துக்குள்ளும் கொண்டு வந்தோம். வாத்தியார் அனுபவத்தில் சொன்னதும் நாங்கள் பாடத்தில் படித்ததும் ஒன்றாகவே இருந்ததால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பினோம்.

அந்த நம்பிக்கைக்கு ஒரு பெண் கொடுத்த விலையைப் பற்றிப் பேசப் போகிறோம்.

கொள்ளிடக் கரையோரச் சேரி ஒன்றில் வாத்தியார் நடத்திய இரவுப் பள்ளிக்குப் பதினொரு வயதில் வந்தவள். அவள் பெயரை இங்கே சொல்ல முடியவில்லை. பெயரைப் பற்றிய பேச்சிலேயே பெயர் இல்லாமல் போவது எங்களுக்கும் உறுத்துகிறது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது, அச்சில் வேண்டாம் என்று வழக்கறிஞர் சொன்னார், அவளும் சரி என்றாள். இந்த அரங்கில் பாதிப் பேருக்கு யார் என்று தெரியும். தெரிந்தவர்கள் தயவுசெய்து திரும்பிப் பார்க்காமல் இருங்கள்.

பொம்பளைப் பிள்ளை கையில் பறையைக் கொடுப்பதா என்று சேரிக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தபோது, வாத்தியார் தன் பறையைத்தான் அவளிடம் கொடுத்தார். அடியை நான்கு மாதத்தில் பிடித்துக்கொண்டாள். பாட்டு அதற்கு முன்பே அவளிடம் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடையில் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டினாள். அவளுடைய ஆயா நடவாள். நடவுக் காலம் முழுக்கச் சேற்றில் நின்று கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். இரவில் அந்தக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கட்டிய பாட்டு அது.

அந்தப் பாட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பின்னால் வரும் சண்டை முழுக்க அதில்தான் இருக்கிறது. முதல் இரண்டு அடிகளின் மெட்டு, ஆயா வயலில் பாடிய நடவுப் பாட்டின் மெட்டு. குலவை விழும் இடமும் அதேதான். மூன்றாவது அடியில் மெட்டு இழுத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. அவர்கள் ஊர் நடவுப் பாட்டில் அந்த இறக்கம் கிடையாது. எழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும்போது வருவது. நடவுப் பாட்டுக்குள் ஒப்பாரியை இறக்கியது அவள் செய்த வேலை. சொற்கள் முழுக்க அவளுடையவை. கூலி நெல்லைக் குறைத்து அளக்கிற பண்ணையாரைப் பார்த்து, இந்தப் புண்ணுக்கு எத்தனை மரக்கால் என்று பேத்தி கேட்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. மூன்று நிமிடம்கூட வராது.

வாத்தியார் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் முதல் பாட்டாக அவளையே பாட வைத்தார். அந்த ஆண்டு நம் அமைப்பு போட்ட பாட்டுப் புத்தகத்தில் பதினான்காம் பக்கத்தில் அது அச்சானது. தலைப்புக்குக் கீழே நாங்கள் போட்ட ஒரு வரியைப் பிறகு சொல்கிறோம்.

கல்லூரியில் கணிதம் படித்தாள். கல்லூரி விழா, மாவட்ட இளைஞர் விழா என்று பரிசு வாங்கிக்கொண்டே வந்தாள். பிறகு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி. கல்யாண மண்டபம் ஒன்றில் தேர்வு நடந்தது. விடியற்காலையில் போய் வரிசையில் நின்றவளுக்குப் பிற்பகலில் முறை வந்தது. முதலில் ஒரு சினிமாப் பாட்டுப் பாடினாள். நன்றாகவே பாடினாள். "வேற ஏதாவது இருக்கா?" என்றார்கள். ஆயா பாட்டைப் பாடினாள். அந்த நிமிடத்திலிருந்து அந்த நிகழ்ச்சியில் அவளுக்கு ஒரு பெட்டி ஒதுக்கப்பட்டது. நாட்டுப்புறம் என்று எழுதிய பெட்டி.

பெட்டிக்கென்று ஒரு உடை உண்டு. கண்டாங்கிச் சேலை, பெரிய பொட்டு, தலை நிறையப் பூ. அவள் வழக்கமாகப் போடுவது சுடிதார். பெட்டிக்கென்று ஒரு கதையும் உண்டு. வீட்டைப் படம் பிடிக்க வந்தார்கள். தெருவில் குழாய் இருந்தும், வாய்க்காலுக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வரச் சொன்னார்கள். மூன்று முறை எடுத்தாள். மூன்றாவது முறை வெயில் சரியாக விழுந்ததாம். ஆயாவின் காலைக் கிட்டத்தில் காட்டினார்கள். அந்தக் கால் ஏன் அப்படி ஆனது என்று யாரும் கேட்கவில்லை. பட்டியலில் அவள் ‘ஏழை விவசாயி மகள்’ ஆனாள். ஒரு சென்ட் நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளை விவசாயி மகளானது எப்படி என்று கேட்டால், கூலித் தொழிலாளி என்பது தொலைக்காட்சிக்கு எடுப்பாக இல்லை என்றார்கள். சேரி என்று அவள் சொன்ன இடத்தில் எல்லாம் கிராமம் என்று எழுத்து ஓடியது. கணிதப் பட்டதாரி என்பது எந்த வாரத்திலும் வரவில்லை. நடுவர்கள் அழுதார்கள். நாங்களும் இங்கே ஒரு வீட்டில் கூடி உட்கார்ந்து பார்த்து அழுதோம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த மாதிரிப் போட்டிகளை ஒரேயடியாகத் திட்டிவிட்டுப் போக நாங்கள் வரவில்லை. 2018இல் விஜய் தொலைக்காட்சியின் சூப்பர் சிங்கர் ஆறாவது பருவத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துச் செந்தில்கணேஷ் வெற்றி பெற்றார். அவரும் ராஜலட்சுமியும் ஊர்த் திருவிழா மேடைகளில் பல ஆண்டு பாடியவர்கள். கர்நாடக இசை கற்றவர்களையும் சினிமாப் பாட்டில் தேர்ந்தவர்களையும் தாண்டி நாட்டுப்புறப் பாட்டு பாடியவர் முதலிடம் வந்தபோது நம் கலைஞர்கள் வீடுகளில் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பாடிய ‘சின்ன மச்சான்’ சினிமாவுக்குள் போனது. அது முன்பே மேடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு. சினிமாவுக்குள் போனபோதும் பாடலாசிரியர் செல்ல தங்கையா என்று பெயர் கூடவே போனது. மேடைப் பாட்டாக இருந்தாலும் அதை எழுதிய ஒரு ஆள் உண்டு, அந்த ஆளுக்கு ஒரு பெயர் உண்டு என்பது அங்கே நின்றது. இது நடக்க முடியாத காரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

அதற்கு முன்பே கானா பாலா இருக்கிறார். 2012இல் ‘அட்டகத்தி’ வந்தபோது, சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவை, தான் எழுதித் தான் பாடுகிறவராக வந்து நின்றார். அவர் சட்டம் படித்தவர். கானா பாடுகிறவருக்கு ஒப்பந்தம் படிக்கத் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது நமக்குப் புரியவில்லை.

நம் பெண்ணுக்கு ஒப்பந்தம் படிக்கத் தெரியவில்லை. முதல் சுற்றுக்கு முந்தைய இரவு, ஒப்பனை அறையில், பதினொரு பக்க ஆங்கிலக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். "எல்லாரும் போட்டாங்க தோழர், நானும் போட்டேன்" என்றாள். கடைசிப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக வந்து வெளியேறினாள். அதன் பிறகு திருவிழா மேடைகள், கல்லூரி விழாக்கள், இரண்டு தேவாலய நிகழ்ச்சிகள். வீட்டுக்குக் கூரை மாறியது. இதையெல்லாம் அந்த நிகழ்ச்சிதான் கொடுத்தது, இல்லையென்று சொல்ல மாட்டோம்.

பிறகு ஒரு ஒலிப்பதிவு நிறுவனம் அழைத்தது. ஆயா பாட்டைத் தனிப்பாட்டாகப் போடலாம் என்றார்கள். பதினைந்தாயிரம் ரூபாய், ஒரே தடவை. சென்னையில் கண்ணாடி அறைக்குள் நின்று, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, தாளக்கட்டு ஓட ஓடப் பாடினாள். பறைச் சத்தம் கணினியிலிருந்து வந்தது. தன் பறையைக் கையோடு எடுத்துப் போயிருந்தாள், அது பையிலேயே இருந்தது.

பாடிக்கொண்டிருக்கும்போது இசையமைப்பாளர் நிறுத்தினார். "அந்தப் பண்ணையாரு வேணாம்மா, கனமா இருக்கு. மாமன்னு வெச்சுக்குவோமா?" மூன்று இடத்தில் பண்ணையார் இருந்தார். மூன்று இடத்திலும் மாமன் வந்தான். கூலி கேட்ட பாட்டு கொஞ்சல் பாட்டாகிவிட்டது. சேற்றுப்புண் இருக்கிற காலை மாமன் பிடித்துவிடுகிறான். அவள் மறுத்தாளா என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். "அது பழைய பாட்டுதானம்மா, பாட்டுன்னா மாறத்தானே செய்யும்னு சொன்னாரு. எனக்குப் பதில் வரல" என்றாள்.

நண்பர்களே, அவளுக்குப் பதில் வராததற்குக் காரணம் நாம்தான். பாட்டு ஊருடையது, வாய்க்கு வாய் மாறுவது, யாருக்கும் சொந்தமில்லை என்று பதினொரு வயதிலிருந்து சொல்லிக் கொடுத்தது நாம். அந்தக் கண்ணாடி அறைக்குள் நம் வாசகத்தையே எடுத்து அவள் முன்னால் வைத்தார்கள்.

பாட்டு யூடியூபில் வெளியானது. லட்சக்கணக்கில் பார்த்தார்கள். இசை என்று அந்த இசையமைப்பாளர் பெயர். குரல் என்று அவள் பெயர். பாடல் வரிகள் என்ற இடத்தில் ‘நாட்டுப்புறம்’. எங்களுக்கு அப்போதும் உறைக்கவில்லை. நம்ம பிள்ளை பாட்டு இத்தனை பேரிடம் போகிறதே என்று பகிர்ந்தோம். மாமன் எங்கிருந்து வந்தான் என்று இரண்டொருவர் கேட்டார்கள், அவ்வளவுதான்.

உறைத்தது வேறு விதத்தில். வாத்தியார் இறந்த ஆண்டு, அவருடைய பழைய நிகழ்ச்சிப் பதிவுகளைத் தேடி எடுத்து வலையேற்றினோம். பதினெட்டு வயதில் அவள் ஆயா பாட்டைப் பாட, வாத்தியார் பறை அடிக்கும் பதிவு அதில் ஒன்று. இரண்டே நாளில் உரிமை கோரல் வந்தது. அந்தப் பாட்டின் உரிமை எங்களுடையது, உங்கள் பதிவு எங்கள் உரிமையை மீறுகிறது என்று. அவள் கட்டிய பாட்டை, அவள் குரலில், வாத்தியாரின் அடியில், நம் கொட்டகையில் எடுத்த பதிவு அது. அந்த நிறுவனத்தின் பாட்டுக்குப் பல ஆண்டு முந்தியது.

கடிதம் எழுதினோம். இந்தப் பாட்டின் ஆசிரியர் இன்னார், அவர் உயிரோடு இருக்கிறார், நாட்டுப்புறம் என்று போட்டதைத் திருத்துங்கள் என்று. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான பதில்தான். கூடவே ஒரு பக்கத்தின் நகலை இணைத்திருந்தார்கள். நம் பாட்டுப் புத்தகம், பக்கம் பதினான்கு. தலைப்புக்குக் கீழே நாங்கள் போட்டிருந்த அந்த வரி: ‘நடவுப் பாட்டு – மக்கள் பாடல்’.

அந்த வரியை எழுதியது யார் என்று தேட வேண்டியதில்லை. பிழைதிருத்தம் பார்த்தவர்கள் நாங்கள். எங்கள் கையெழுத்தில் அது இன்னமும் மூலப்படியில் இருக்கிறது.

இந்த மாதிரி வேறு எங்காவது நடந்திருக்கிறதா என்று தேடியபோது ஒரு கதை கிடைத்தது. தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்றொரு ஜூலு பாடகர். கிராமத்திலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு வேலைக்கு வந்தவர். புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் தங்கும் விடுதிகளில் விடிய விடியக் கூட்டுப்பாடல் போட்டிகள் நடக்கும். அங்கே பெயர் வாங்கியது அவருடைய ‘ஈவ்னிங் பேர்ட்ஸ்’ குழு. போட்டி மேடையிலிருந்து ஒலிப்பதிவுக் கூடத்துக்கு. அதே பாதை. 1939இல் கேலோ என்ற நிறுவனத்துக்காக ‘ம்பூபே’ என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். ம்பூபே என்றால் சிங்கம். இசைத்தட்டில் அவர் பெயர் இருந்தது. உரிமைக்கு அவருக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங் என்று சொல்வார்கள்.

அந்த இசைத்தட்டு அமெரிக்காவுக்குப் போய்ப் பீட் சீகரின் கைக்குக் கிடைத்தது. பீட் சீகர் யாரோ கொள்ளைக்கார முதலாளி இல்லை. உலகம் முழுக்கப் போராட்ட மேடைகளில் ‘நாங்கள் வெல்வோம்’ பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் ஒருவர். நம் தோழர். அவருடைய ‘வீவர்ஸ்’ குழு 1951இல் அந்தப் பாட்டை ‘விமோவே’ என்று பதிவு செய்தது. ஆப்பிரிக்க மக்களின் பழம்பாடல் என்று நினைத்துப் பாடினார்கள். ஆசிரியர் இடத்தில் அந்தக் குழுவினர் தங்களுக்கு வைத்துக்கொண்ட ஒரு புனைபெயர் ஏறியது. 1961இல் ஆங்கில வரிகளோடு வேறொரு குழு பாடி அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. 1962இல் லிண்டா வறுமையில் இறந்தார். 1994இல் டிஸ்னியின் ‘தி லயன் கிங்’ படத்தில் அந்தப் பாட்டு வந்தது. அவருடைய மகள்கள் வழக்குத் தொடுத்து, 2006இல்தான் சமரசம் ஏற்பட்டு, லிண்டா அதன் ஆசிரியர்களில் ஒருவராக ஏற்கப்பட்டார். விவரம் தெரிந்த பிறகு சீகர் பணம் அனுப்பியதாகவும் வருத்தம் தெரிவித்ததாகவும் படிக்கிறோம்.

இந்தக் கதையில் கேலோ மீதும் டிஸ்னி மீதும் கோபப்படுவது சுலபம். எங்களைத் தூங்கவிடாதது சீகர்தான். மக்கள் கலையை உண்மையாக நேசித்தவர், இசைத்தட்டில் அச்சாகியிருந்த பெயரைப் பார்க்கவில்லை. கறுப்பு மக்களின் பாட்டு என்றால் அது கூட்டத்தின் பாட்டாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஐரோப்பியர் பாட்டாக இருந்தால் முதல் கேள்வியே யார் எழுதியது என்பதாக இருந்திருக்கும். நேசத்துக்குள்ளும் அந்த ஏற்றத்தாழ்வு இருக்கிறது. தியாகையர் கீர்த்தனைக்குத் தியாகையர் உண்டு. நடவுப் பாட்டுக்கு மக்கள்.

இந்த ஏற்றத்தாழ்வு சட்டத்திலும் எழுதியே இருந்தது. சட்டக் கல்லூரி மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், இசைப் படைப்பு என்றால் அச்சிலோ எழுத்திலோ குறியீட்டிலோ பதிந்ததாக இருக்க வேண்டும் என்று வரையறை இருந்தது. ஸ்வரம் எழுதத் தெரியாத நம் பாட்டிகளின் மெட்டு சட்டத்தின் கண்ணில் இசையே இல்லை. 1994இல் செய்த திருத்தம்தான் அந்த நிபந்தனையை எடுத்தது. சுதந்திரம் வந்து நாற்பத்தேழு ஆண்டு கழித்து.

இப்போது சட்டத்தில் நமக்கு உதவக்கூடிய இடங்கள் இருக்கின்றன. மூன்றை மட்டும் சொல்கிறோம். உரிமையை ஒப்படைப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு மட்டுமே, எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே. இரண்டாவது, 2012 திருத்தம். ஒலிப்பதிவில் சேர்ந்த பாடலின் வரிகளை எழுதியவரும் மெட்டமைத்தவரும், தங்களுக்கு வரவேண்டிய உரிமைத்தொகையின் பங்கை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. எழுதிக் கொடுத்தாலும் அந்தப் பத்தி செல்லாது. பாடுகிறவர்களுக்கும் உரிமைத்தொகை உண்டு என்பதை அதே திருத்தம் சேர்த்தது.

மூன்றாவது, பிரிவு 57. எங்களைப் பொறுத்தவரை முக்கியமானது இதுதான். உரிமையை முழுக்க விற்றுவிட்ட பிறகும், இது என் படைப்பு என்று சொல்லும் உரிமையும், தன் மதிப்பைக் குலைக்கும்படி அதைத் திரித்தால் தடுக்கும் உரிமையும் ஆசிரியரிடமே இருக்கும். பதினைந்தாயிரம் வாங்கியிருந்தாலும், பண்ணையாரை மாமனாக்கியதைக் கேள்வி கேட்கும் உரிமை அவளிடம் இருக்கிறது. ஆனால் அந்த உரிமை ஆசிரியருக்குத்தான். பாட்டுக்கு ஆசிரியரே இல்லையென்றால் கேள்வி கேட்க ஆளே இல்லை.

பெயர் போடுவதைத் தற்பெருமை என்று வாத்தியார் நினைத்தார். நாங்கள் அதைக் காசு விவகாரம் என்று நினைத்தோம். இரண்டும் ஓரளவு உண்மைதான். ஆனால் அந்தக் கண்ணாடி அறைக்குள் அவளுக்குத் தேவைப்பட்டது வேறு. "மாத்தாதீங்க" என்று சொல்வதற்கு ஒரு இடம். பெயர்தான் அந்த இடம். பெயரில்லாத பாட்டைப் போலீஸ்காரர் பிடிக்க முடியாது என்றார் வாத்தியார், சரி. பெயரில்லாத பாட்டுக்குள் பண்ணையார் எப்போது வேண்டுமானாலும் வேஷம் மாற்றிக்கொண்டு தப்பித்துப் போகலாம் என்பதை அவர் பார்க்கவில்லை. அவர் காலத்தில் அது தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை.

பெயர் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2021இல் வெளியான ‘எஞ்சாயி எஞ்சாமி’யை நாம் எல்லோரும் கொண்டாடினோம். தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் வாழ்க்கையை அறிவு உலகத்தின் காதில் ஓதிய பாட்டு. அவர் பெயர் அதில் இருந்தது. இருந்தும் அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு பெரிய இசை இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் அவர் இல்லை. இயக்குநர் பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் அது விவாதமானது. 2022இல் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோது மேடையில் அவர் இல்லை. அதையொட்டி யார் எதை உருவாக்கியது என்பதில் அவரும் இசையமைப்பாளரும் மாறுபட்டுப் பேசினார்கள். 2024இல், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு இதுவரை வருமானமே வரவில்லை என்று இசையமைப்பாளரே சொன்னார். அந்த விவகாரத்துக்குள் தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. பெயர் தெரிந்த, படித்த, மேடையும் இயக்கமும் பின்னால் இருக்கிற ஒருவரே இவ்வளவு பேச வேண்டியிருந்தது என்றால், நாட்டுப்புறம் என்ற பெட்டிக்குள் கிடக்கிறவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

வாத்தியாரிடம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. பாட்டு ஊருடையது என்றாரே, எந்த ஊர்? நம் பக்கத்தில் ஊர் வேறு, சேரி வேறு. ஊர் என்று சொன்னால் நாம் அதில் இல்லை. ஊர்க் கிணறு, ஊர்ச் சாவடி, ஊர்த் தேர் எதுவும் நம்முடையதாக இருந்ததில்லை. அப்படியிருக்க நம் பாட்டை மட்டும் எதற்கு ஊருக்கு எழுதிக் கொடுத்தோம்? இதை அவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. ஒருவேளை பறையைக் கீழே வைத்திருப்பார்.

இதற்கு எதிர்க்கேள்வியும் இருக்கிறது, இளம் தோழர்கள் கேட்கிறீர்கள். இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வைக் கே.ஏ.குணசேகரன் மேடை மேடையாகப் பாடிப் பரப்பினார். பிறகு எத்தனையோ பேர் யாரிடமும் அனுமதி கேட்காமல் பாடினார்கள். அப்படித்தானே இயக்கப் பாட்டு வாழும், எல்லாவற்றுக்கும் உரிமை, கட்டணம் என்று ஆரம்பித்தால் போராட்டத்தில் யார் பாடுவது? நியாயமான கேள்வி. நாங்கள் கேட்பது கட்டணம் இல்லை. இன்குலாப் எழுதியது என்று சொல்லிவிட்டுப் பாடினால் பாட்டுக்கு என்ன குறைந்துவிடும்? எங்கள் மேடைகளில் நாங்களே எத்தனை முறை சொன்னோம் என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. ஆயா பாடிய இரண்டு அடி மெட்டு பேத்திக்குச் சொந்தமில்லை, அவளும் அப்படிக் கேட்கவில்லை. குலவை எல்லோருக்கும் பொது. மூன்றாவது அடியின் இறக்கமும் சொற்களும் அவளுடையவை. அவள் எழுதித் தந்த மறுப்புக் கடிதத்தில் அப்படியே பிரித்து எழுதியிருக்கிறாள். கணிதம் படித்தவள் அல்லவா, யாருக்கு எவ்வளவு என்று எங்களைவிடத் தெளிவாக இருக்கிறது.

அந்தக் கடிதத்தோடு எங்கள் ஒப்புதல் வாக்குமூலமும் போயிருக்கிறது. பக்கம் பதினான்கில் இருக்கும் அந்த வரி எங்கள் தவறு, பாட்டு யாருடையது என்று எங்களுக்கு அப்போதே தெரியும் என்று எழுதி, நிர்வாகிகள் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். பதினெட்டு வயதுப் பதிவின் மூல நாடாவையும் தேதியோடு வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறோம். பாட்டைப் பதிப்புரிமை அலுவலகத்தில் அவள் பெயரில் பதிவதற்கும் விண்ணப்பித்தாகிவிட்டது. பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் சான்றாக நிற்கும். வரிகளுக்கும் மெட்டுக்கும் தனித்தனியாக ஐந்நூறு ரூபாய் கட்டினோம். ஒரு பாட்டுக்கு ஆயிரம் ரூபாய் என்பது நம் கலைஞர்களுக்குச் சின்னத் தொகை இல்லை, அதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. நிறுவனம் பெயரைச் சேர்க்கச் சம்மதிப்பதாகச் சொல்கிறது. மாமனை எடுக்க இன்னும் சம்மதிக்கவில்லை. அவள் பெயரைவிட அதில்தான் பிடிவாதமாக இருக்கிறாள்.

பாட்டுப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு தயாராகிக்கொண்டிருக்கிறது. மொத்தம் அறுபத்திரண்டு பாட்டு. அவற்றில் நாற்பத்தொன்றுக்கு ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம். பதினாறு வாத்தியாருடையவை. அவர் பெயரைப் போடுவதற்கு அவர் சம்மதிக்க மாட்டார் என்று தெரிந்தேதான் போடுகிறோம். குடும்பத்தார் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். மீதி இருபத்தொரு பாட்டு வெளியே வாசல் மேசையில், ஒவ்வொன்றும் தனித் தாளில், கட்டியவர் பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம். உங்கள் அம்மாவோ பாட்டியோ பக்கத்து வீட்டுப் பெரியப்பாவோ கட்டியது என்று தெரிந்தால் எழுதிவிட்டுப் போங்கள். செத்துப்போனவர்கள் என்றாலும் எழுதுங்கள். முழுப் பெயர் தெரியாவிட்டால் எந்தத் தெரு, யார் மகள் என்றாவது எழுதுங்கள், நாங்கள் வந்து விசாரித்துக்கொள்கிறோம்.

இப்போது ஆயா பாட்டு. பண்ணையாரோடு. பாடுகிறவள் மேடைக்கு வருகிறாள், சொற்களும் அவளுடையவை, மூன்றாவது அடியின் மெட்டும் அவளுடையது. பறையைக் காய்ச்ச ஐந்து நிமிடம் ஆகும், யாரும் எழுந்து போக வேண்டாம்.